பரிசலுக்கு ஓர் எண்

தர்மபுரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் நடுகல் உண்டு. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் கோயில் மதிலோரத்திலும் கிடந்தவற்றில் பல இப்போது தர்மபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதி இறந்தவன், புலியைக் குத்தி இறந்தவன், காட்டுப்பன்றியைக் குத்தி இறந்தவன் என்று ஆளுக்கொரு கல்.

இவற்றைச் செதுக்கியவர்களிடம் ஒரு பொது வழக்கம் இருந்தது. உடலில் அம்பு தைத்திருந்தால் அவன் சண்டையில் செத்தவன். எதிரே புலி பாய்ந்தால் அது புலிக்குத்திக் கல். மேலடுக்கில் பெண்கள் இருபுறமும் தாங்கி அழைத்துப் போனால் வீரன் சொர்க்கம் போகிறான். லிங்கத்தின் முன் உட்கார்ந்திருந்தால் சிவலோகம் சேர்ந்துவிட்டான். வளையல் அணிந்த கை ஒன்று உயர்ந்து நின்றால் அது சதிக்கல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இவ்வளவையும் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

ஆனால் செத்தவன் யார், எந்த ஊர், எந்த அரசன் காலம் என்பதைப் படம் சொல்லாது. அதற்குத்தான் பல கற்களில் உருவத்தைச் சுற்றி வட்டெழுத்தில் சில வரிகள். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், எடுத்தனூர் என்ற ஊரில் உள்ள கல் இதற்கு அருமையான சான்று. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. கையில் ஆயுதத்துடன் ஒருவன், அவனருகே ஒரு நாய். படம் அவ்வளவுதான். வேட்டைக்காரனும் அவன் நாயும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எழுத்தைப் படித்தால்தான் தெரிகிறது, அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்பதும். நாய்க்கும் சேர்த்து எடுத்த கல் அது.

நடந்தது எந்த வகை நிகழ்ச்சி என்று படம் சொல்கிறது; எந்த நிகழ்ச்சி என்று எழுத்து சொல்கிறது; இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதை ஊர் வழக்கம் சொல்லித் தருகிறது. இந்த மூன்றில் ஒன்று விலகினாலும் பொருள் தடுமாறும். இன்று கைபேசியில் ஆண்டுதோறும் புதிதாக வந்து சேரும் எமோஜிகளைப் புரிந்துகொள்ளவும் இந்த மூன்றும்தான் வேண்டும்.

எண் போகிறது, படம் போவதில்லை

பாலக்கோட்டில் இருப்பவர் சென்னையில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மாம்பழ எமோஜி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போனிலிருந்து கிளம்புவது படம் இல்லை, 129389 என்ற எண். மகளின் போன் அந்த எண்ணை வாங்கி, தன்னிடம் இருக்கும் மாம்பழப் படத்தை எடுத்துக் காட்டுகிறது. இரண்டும் வேறு வேறு நிறுவனத் தயாரிப்புகள் என்றால் அப்பா பார்த்த மாம்பழம் ஒன்று, மகள் பார்க்கும் மாம்பழம் இன்னொன்று.

எழுத்துகளும் இப்படித்தான் பயணம் செய்கின்றன. 'க' என்பது 2965. இகரக் குறி 3007. 'கி' என்று தட்டினால் இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்துப் போகும். திரையில் அவை ஓர் உயிர்மெய்யாக ஒட்டிக்கொள்ளும். உலகின் எழுத்துமுறைகளுக்கெல்லாம் இப்படி எண் ஒதுக்குவது யூனிகோடு கூட்டமைப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியாவைத் தளமாகக் கொண்டது. அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. தமிழ் அதிலேயே இடம்பெற்றது.

எமோஜி அந்தப் பட்டியலில் ஏறியது பின்னால்தான். ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக 1999-இல் ஷிகெடகா குரிடா 176 சிறு படங்களை வடிவமைத்தார். ஒவ்வொன்றும் அகலத்தில் 12 புள்ளி, உயரத்தில் 12 புள்ளி. ஜப்பானிய நிறுவனங்கள் ஆளுக்கொரு தொகுப்பு வைத்திருந்ததால் ஒரு நிறுவனத்தின் போனிலிருந்து அனுப்பிய படம் இன்னொன்றில் குப்பையாகத் தெரிந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 2010-இல் வெளிவந்த யூனிகோடு 6.0 நூற்றுக்கணக்கான எமோஜிகளுக்குப் பொது எண் கொடுத்தது. மூன்று, நான்கு என்று கூட்டிக் கட்டும் எமோஜிகளையும் சேர்த்தால் இன்றைய மொத்தம் 3,900-ஐத் தாண்டும்.

கூட்டிக் கட்டுவது என்றால் என்ன? பெண் விவசாயி எமோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி எண் கிடையாது. பெண்ணுக்கு 128105, நெற்கதிருக்கு 127806. இரண்டுக்கும் நடுவே 8205 என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பு. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதுபோல, பெண்ணும் கதிரும் சேர்ந்து விவசாயி ஆகிறாள். 2023-இல் வந்த பச்சை எலுமிச்சையும் இந்த முறைதான்: பழைய மஞ்சள் எலுமிச்சை, இணைப்பு, ஒரு பச்சைச் சதுரம். மென்பொருள் புதுப்பிக்காத போனில் இந்த ஒட்டு பிரிந்துபோய், மஞ்சள் பழமும் பச்சைச் சதுரமும் தனித்தனியே நிற்கும். தனி எண் பெற்ற புதிய எமோஜி என்றால் வெறும் கட்டம்தான் தெரியும். எண் வந்து சேர்ந்துவிட்டது, அந்தப் போனிடம் அதற்குரிய படம் இல்லை என்பதே அந்தக் கட்டத்தின் அர்த்தம்.

2019 மார்ச்

தமிழ் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு மாதம் இது. அப்போது வெளியான யூனிகோடு 12.0-இல் அகல் விளக்கு, புடவை, ஆட்டோ, இந்துக் கோயில் நான்கும் எமோஜியாக வந்தன. கார்த்திகைக்கும் தீபாவளிக்கும் அதுவரை மெழுகுவத்தியை வைத்து ஒப்பேற்றியவர்களுக்கு விளக்கே கிடைத்தது.

அதே பதிப்பில், எமோஜிகளின் ஆரவாரத்தில் பலர் கவனிக்காமல் விட்ட இன்னொரு வரவும் உண்டு. 'தமிழ்ப் பிற்சேர்க்கை' என்ற புதிய பகுதியில் 51 குறியீடுகள். முந்திரி, காணி, மா, வீசம் முதலான பின்னங்கள்; ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என்ற முகத்தல் அளவுகள்; காசு, பணம், வராகன்; நன்செய், புன்செய், உப்பளம் என்ற நில வகைகள்; வரவு, வசம், வகையறா போன்ற கணக்குக் குறிகள். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையிலும் பேரேட்டிலும் எழுதிவந்த அடையாளங்கள் இவை. ஸ்ரீரமண சர்மா பழைய ஆவணங்களிலிருந்து சான்று காட்டி முன்மொழிந்து, நீண்ட விவாதங்களுக்குப் பிறகு இவை ஏற்கப்பட்டன. மாநிலத்தின் வறண்ட மாவட்டங்களில் ஒன்றான தர்மபுரியின் பழைய நிலக்கணக்கை எழுத வேண்டிய 'புன்செய்' குறிக்கு ஆட்டோவோடு ஒரே நாளில் எண் கிடைத்தது.

இரண்டு வரவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ௵, ௴, ௳ என்ற குறிகளைக் கல்யாணப் பத்திரிகையில் இன்றும் அச்சடிக்கிறோம், அதனால் அவை உயிரோடு இருக்கின்றன. முந்திரிக்கும் வீசத்துக்கும் எண் இருந்தும் அவற்றைத் தட்டுவோர் அரிது. ஆய்வாளர்களுக்கும் பழைய சுவடிகளைக் கணினியில் ஏற்றுவோருக்கும்தான் அவை பயன். விளக்கு எமோஜியோ கார்த்திகை நாளில் குடும்பக் குழுக்களிலெல்லாம் எரிகிறது. எண் ஒரு குறியை அழியாமல் காக்கும். அதற்கு வாழ்வு கொடுப்பது புழங்குகிற கைகள்.

புதியவையும் அவற்றின் பொருளும்

யூனிகோடு ஓர் எமோஜிக்கு எண்ணோடு ஒரு பெயரையும் தருகிறது. அந்தப் பெயரைப் பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அண்மையில் வந்த சிலவற்றைத் தர்மபுரி மண்ணில் நின்று பார்த்தால் இது புரியும்.

2024 செப்டம்பரில் வந்த யூனிகோடு 16.0 எட்டே எட்டுப் புதிய எமோஜிகளைத்தான் தந்தது. அவற்றில் ஒன்று இலையில்லா மரம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர்ந்த மரம் என்றால் பனிக்காலம் நினைவுக்கு வரும். பென்னாகரத்துக் காடுகளில் மரங்கள் இலை உதிர்ப்பது கோடையை நோக்கிப் போகும் மாதங்களில். இங்கே அந்த மரத்தை அனுப்பினால் வெயில், வறட்சி, மழை பொய்த்த வருடம் என்றுதான் பொருள்படும். ஒரே படம், ஒரே எண்; குளிரும் வெயிலும் எதிரெதிரான பொருள்கள்.

அதே தொகுப்பில் மண் அள்ளும் கருவி ஒன்று வந்தது. தமிழில் சட்டென்று அதை மண்வெட்டி என்று சொல்லிவிடுவோம். நம் மம்பட்டியை உற்றுப் பாருங்கள். இலை, காம்புக்குக் குறுக்காக, வெட்டுபவரை நோக்கித் திரும்பியிருக்கும். ஓங்கி வெட்டி இழுப்பதற்கான அமைப்பு அது. எமோஜியில் இருப்பதோ காம்பு போகும் திசையிலேயே நீளும் இலை. குத்தி, தூக்கி, வீசுவதற்கானது. வாய்க்கால் வெட்டுகிறவர் அதைத் தன் கருவியாக ஏற்கமாட்டார். ஜல்லி அள்ளுகிறவர் உடனே ஏற்பார்.

கிழங்கு எமோஜி ஒன்றும் வந்தது. பெயர் பொதுவாக 'வேர்க் காய்' என்றாலும் படம் பீட்ரூட் சாயலில் இருக்கிறது. நீளமாக, மரக்குச்சிபோல் இருக்கும் குச்சிக்கிழங்கைத் தோண்டி சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்பும் ஊர்களில், பெயர் பொருந்தினாலும் படம் பொருந்தாது.

கைரேகை எமோஜியும் 2024 வரவுதான். போனைத் திறக்கும் பாதுகாப்பு அடையாளம் என்பது அதன் உலகப் பொதுப் பயன். ரேஷன் கடைக் கருவியில் விரல் பதிய மறுக்கும்போது பொருள் இல்லாமல் திரும்பிய முதியவருக்கு அது வேறொன்று. எழுதத் தெரியாமல் பத்திரத்தில் பெருவிரலை உருட்டியவருக்கு இன்னொன்று. உலகின் முதல் கைரேகைப் பணியகம் 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது என்ற செய்தியையும் சேர்த்தால், இந்தியர்களுக்கு இந்தப் படத்தோடு நூறாண்டைத் தாண்டிய உறவு உண்டு.

2023-இல் தலையசைக்கும் முகங்கள் இரண்டு வந்தன. மேலும் கீழும் அசைந்தால் ஆமாம், இடமும் வலமும் திரும்பினால் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அசைவு நம்மிடம் இருக்கிறது: தலையைத் தோளை நோக்கி மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவது. 'சரி', 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்', 'பார்ப்போம்' என்று அது தரும் பொருள்கள் பல. கோடிக்கணக்கானோர் தினமும் செய்யும் அந்த அசைவுக்கு இன்னும் எமோஜி இல்லை.

2025 செப்டம்பரில் வந்த யூனிகோடு 17.0-இல் உருக்குலைந்த முகம், சண்டைப் புழுதி, புதையல் பெட்டி, டிரம்போன், ஓர்கா திமிங்கிலம் முதலானவற்றோடு நிலச்சரிவும் இருக்கிறது. வயநாட்டின் சூரல்மலையையும் முண்டக்கையையும் 2024 ஜூலை 30 அன்று மண் மூடியதைப் பார்த்தவர்களுக்கு அதைப் பயன்படுத்தும் இடம் சொல்லித்தர வேண்டியதில்லை. எச்சரிக்கைச் செய்தியின் தலையில் இப்படி ஒரு படம் நின்றால், எழுத்தைப் படிக்கும் முன்பே கண் அங்கே நிற்கும்.

கட்டைவிரல் நீதிமன்றம் ஏறியபோது

பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஆய்வகமும் நீதிமன்றமும் எதிர்கொண்டிருக்கின்றன.

2016-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே எமோஜியின் வெவ்வேறு நிறுவன வடிவங்களைப் பலரிடம் காட்டி, இது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா என்று மதிப்பிடச் சொன்னார்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு முகத்தில் பெரிய வேறுபாடு தெரிந்தது. அன்றைய ஆப்பிள் வடிவத்தைப் பலர் கடுகடுப்பாகப் படித்தார்கள். வேறு நிறுவனங்கள் வரைந்ததை மகிழ்ச்சியாகப் படித்தார்கள். ஒரே வடிவத்தைப் பார்த்தவர்களுக்குள்ளும் கருத்து ஒத்துப்போகவில்லை. அனுப்பியவர் சிரித்ததாக நினைக்க, வாங்கியவர் முறைத்ததாக நினைக்க இது போதும்.

இனி வழக்குகள். கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்தை ஒரு விவசாயிக்கு அனுப்பி உறுதி செய்யும்படி கேட்டது. அவர் கட்டைவிரல் உயர்த்திய எமோஜியை அனுப்பினார். விதை போய்ச் சேரவில்லை, விலையும் ஏறிவிட்டது. வந்தது என்றுதான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை என்பது விவசாயியின் வாதம். முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அவர் 'ஓகே' போன்ற சுருக்கமான சொற்களையே பதிலாக அனுப்பி, விதையையும் கொடுத்திருந்ததை நீதிபதி கவனித்தார். கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம் என்று 2023-இல் தீர்ப்பாகி, சுமார் 82,000 கனடிய டாலர் கட்ட உத்தரவானது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது.

மறு ஆண்டு, 2024-இல், அதே கட்டைவிரல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தி அந்தப் படையினரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, ஒரு காவலர் கட்டைவிரல் எமோஜியைப் பதிலாகப் போட்டிருந்தார். கொலையைக் கொண்டாடினார் என்று சொல்லி அவரைப் பணியிலிருந்து நீக்கினார்கள். அந்தக் குறியை 'சரி' என்பதற்கு மாற்றாக எடுத்துக்கொள்ளலாம், செய்தியைப் பார்த்துவிட்டேன் என்ற ஒப்புகை மட்டுமே அது, கொலையைக் கொண்டாடியதாக ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவு உறுதியானது.

ஒரே விரல் ஓரிடத்தில் ஒப்பந்தமாகவும் மற்றோரிடத்தில் வெறும் 'பார்த்தேன்' என்றும் படிக்கப்பட்டது. இதில் முரண் ஏதும் இல்லை. இரண்டு நீதிமன்றங்களும் படத்தை மட்டும் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த செய்தியையும், அந்த மனிதர்களின் பழக்கத்தையும் சேர்த்துப் படித்தன. கல்வெட்டு அறிஞர்கள் நடுகல்லைப் படிக்கும் முறையும் இதுதான்.

ஒகேனக்கல்லிலிருந்து ஒரு விண்ணப்பம்

புதிய எமோஜிக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. தலையில் முக்காடிட்ட பெண் எமோஜி வேண்டும் என்று 2016-இல் கோரிக்கை எழுப்பியவர் பெர்லினில் வசித்த ரயூப் அல்ஹுமெதி. அப்போது அவருக்கு வயது 15. அடுத்த ஆண்டே அது ஏற்கப்பட்டது.

தர்மபுரியிலிருந்து விண்ணப்பிப்பதென்றால் எதைக் கேட்கலாம்? ஒகேனக்கல் அருவியைக் கேட்க முடியாது. குறிப்பிட்ட இடங்களுக்கு எமோஜி தருவதில்லை. அதியமானையும் அவ்வையாரையும் கேட்க முடியாது. தனி மனிதர்களுக்கும் தெய்வங்களுக்கும் நிறுவனச் சின்னங்களுக்கும் கதவு மூடியிருக்கிறது. அவ்விருவருக்கும் இடையே கைமாறிய நெல்லிக்கனியைக் கேட்கலாம். ஆனால் சிறிய அளவில் அது பச்சை ஆப்பிளிலிருந்தும் எலுமிச்சையிலிருந்தும் வேறுபட்டுத் தெரிவது கடினம்.

பரிசலைக் கேட்கலாம். மூங்கிலைப் பிளந்து வட்டக் கூடையாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திக் கட்டும் படகு அது. முன்பக்கம், பின்பக்கம் என்று அதற்குக் கிடையாது. ஒற்றைத் துடுப்பைப் போடும் விதத்தில்தான் ஓட்டமும் திசையும். துடுப்பு கொஞ்சம் தப்பினாலும் சுழலும். காவிரியில் நீர்வரத்து கூடும்போதெல்லாம் 'பரிசல் இயக்கத் தடை' என்று செய்தித்தாள்களில் வருவதைத் தமிழ்நாடு முழுக்கப் படிக்கிறோம். எமோஜியில் ஏற்கெனவே துடுப்புப் படகும் பாய்மரமும் நீள்படகும் உண்டு. வட்டப் படகு இல்லை.

விண்ணப்பத்தைச் சோதிக்கும் விதிகளை இதற்குப் பொருத்திப் பார்ப்போம். முதல் சோதனை உருவம். 18 புள்ளி சதுரத்திலும் 72 புள்ளி சதுரத்திலும் மாதிரிப் படம் தர வேண்டும். பரிசலை மட்டும் வரைந்தால் சிறிய அளவில் அது கிண்ணமாகிவிடும். உள்ளே ஓர் ஆள், கையில் துடுப்பு, அடியில் நீர்ச்சுழி மூன்றும் இருந்தால்தான் படகு என்று கண் ஒப்புக்கொள்ளும்.

இரண்டாவது, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்ற கேள்வி. இணையத் தேடலில் அந்தப் பொருளை எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்று காட்ட வேண்டும். ஒப்பிடுவதற்கு யூனிகோடு வைத்திருக்கும் அளவுகோல், யானை. யானைக்கான ஆங்கிலச் சொல் பெறும் தேடலோடு உங்கள் பொருளின் தேடலை ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும். நூல்களில் சொல்லின் புழக்கத்தைக் காட்டும் கூகுள் கருவியையும் சான்றாகக் கேட்கிறார்கள். அதில் தமிழ் இல்லை. ஆக 'பரிசல்' என்ற சொல்லைத் தமிழர்கள் எவ்வளவு எழுதினாலும் அந்தக் கணக்கில் ஏறாது. இது நியாயமான குறை, விண்ணப்பத்திலேயே எடுத்துச் சொல்ல வேண்டிய குறை.

மூன்றாவது, ஓர் ஊருக்கு மட்டும் உரியதா என்பது. இங்கே பரிசலின் வாதம் வலுவானது. துங்கபத்திரையில் ஹம்பிக்குப் பக்கத்தில் அது ஓடுகிறது. வேல்ஸ் நாட்டு ஆறுகளில் கோரக்கிள் என்று அதன் உறவு இருக்கிறது. வியட்நாம் மீனவர்கள் வட்டக் கூடைப் படகில் கடலுக்கே போகிறார்கள். டைக்ரிஸ் ஆற்றில் குஃபா என்ற வட்டப் படகு நெடுங்காலம் ஓடியது. நாலு நாகரிகங்கள் ஆற்றுக்குக் கண்டுபிடித்த ஒரே விடைக்குப் படம் இல்லை என்பது கேட்பவரை யோசிக்க வைக்கும். அதோடு, சுழன்று நிற்பதற்கும் இலக்கில்லாமல் அலைவதற்கும் அந்தப் படத்தை உருவகமாகவும் எடுத்துக்கொள்ளலாம். பல பொருளில் புழங்கக்கூடிய படங்களுக்கு யூனிகோடின் தேர்வுக் குழுவிடம் மதிப்பு அதிகம்.

ஒருமுறை எண் கொடுத்துவிட்டால் யூனிகோடு அதைத் திரும்பப் பெறுவதில்லை. ஆண்டுதோறும் அவர்கள் கையை இறுக்கிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். பரிசலும் மறுக்கப்படலாம். ஆனாலும் கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். விளக்கும் புடவையும் தானாக வரவில்லை. யாரோ உட்கார்ந்து, சான்று திரட்டி, எழுதியதால் வந்தன. எமோஜிப் பட்டியலில் எந்தப் படம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவுக்கு மம்பட்டியின் வளைவும் நம் தலையாட்டலும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியப்படுத்துவது அவற்றோடு வாழ்கிறவர்களின் பொறுப்பு.

பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் சேர்ந்தால், மாணவர்களைக் கொண்டே இந்த விண்ணப்பத்தை எழுதிவிடலாம். வரைபடம் படிப்பது, சான்று தேடுவது, பதினெட்டுப் புள்ளிக்குள் ஒரு பொருளை அடையாளம் தெரியும்படி வரைவது என்று அதில் கற்க எவ்வளவோ இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பங்களை ஏப்ரலில் வாங்கத் தொடங்கி ஜூலை இறுதியில் நிறுத்துகிறார்கள். கோடை விடுமுறை முழுவதும் அதற்குள் அடங்கும்.